ராயகிரி டாங்கியின் இரண்டு காந்தங்கள்

என் பிரியமான சங்கரண்ணே,

பதினெட்டு நாளாக உன் படத்துக்கு முன்னால் நின்று நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கவனித்தாயா? நீ போன இந்த இரண்டு வருஷத்தில் அப்படி ஒருநாள்கூட இருந்ததில்லை. விளக்கேற்றுவேன், பூ வைப்பேன், அன்றைக்கு என் மகள் யாழினி செய்த சேட்டையெல்லாம் உன்னிடம் ஒப்பிப்பேன். இந்தப் பதினெட்டு நாளும் விளக்கை மட்டும் ஏற்றிவிட்டுத் திரும்பி நடந்துவிட்டேன். உன் மேல் அவ்வளவு கோபம். கோபம் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு உட்கார்ந்து எழுதத் தொடங்கியபோதுதான் அது கோபம் மட்டுமில்லை என்று தெரிந்தது. பயம் இன்னும் என்னை விடவில்லை, அண்ணே.

இந்தக் கடிதத்தை உன் வாட்ஸ்அப் குழுவிலும் போடப்போகிறேன். கோயம்புத்தூரிலும் மதுரையிலும் சென்னையிலும் உன்னைப் போலவே குட்டி டாங்கிகளையும் சிப்பாய்களையும் சேர்த்து, வர்ணம் தீட்டி, மேஜைமேல் போர் நடத்துகிற உன் சிநேகிதர்கள் அதில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் சின்னப் பிள்ளைகள் இருக்கும். அதனால் அவர்களும் படிக்கட்டும். உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் உனக்குச் சொல்வேன். பொறுத்துக்கொள்.

ரத வீதியில் நீ வைத்திருந்த செல்போன் சர்வீஸ் கடையில் பாதி மேஜை போனுக்கு, மீதிப் பாதி உன் படைக்கு. தண்ணீரே இல்லாத ஏதோ ஒரு கிரகத்தில் நடக்கிற சண்டை என்று சொல்வாய். "நம்மூரு சித்திர மாசம் மாதிரி இருக்கும்னு வச்சுக்கயேன்" என்பாய். ஆறு கால் வைத்த டாங்கிகள், மூச்சுவிடுவதற்குக் குழாய் மாட்டிய தலைக்கவசத்தோடு சிப்பாய்கள். சிப்பாய் என் கட்டைவிரல் நுனி உயரம்தான் இருப்பான். அவன் கண்ணுக்குள் நீ வெள்ளைப் புள்ளியும் அதற்குள் கறுப்புப் புள்ளியும் வைப்பாய். டாங்கி எத்தனை இஞ்ச் நகரலாம் என்று அளக்க என் தையல் டேப்பை வாங்கிக்கொண்டு போவாய், திருப்பித் தரமாட்டாய்.

ஒவ்வொரு டாங்கிக்கும் நம் பக்கத்து ஊர் ஒன்றின் பெயர். பக்கவாட்டில் அரிசியைவிடச் சின்ன எழுத்தில் எழுதியிருப்பாய். மேலநீலிதநல்லூர்க் காட்டுக் கரிசல் மண்ணை டீ வடிகட்டியில் சலித்து, அதன் கால்களில் ஒட்டுவாய். அப்பா கடைப்பக்கம் வரும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வார். "முப்பத்தஞ்சு வயசுல பொம்ம வச்சு வெளாடுதான். இவனுக்கு எவன் பொண்ணு தருவான்?" நீ தலைகூட நிமிர்த்த மாட்டாய். "பொம்ம இல்லப்பா, மினியேச்சர்." இதற்கு மேல் உங்கள் இருவருக்கும் அதைப்பற்றிப் பேச்சே கிடையாது.

நீ போனபிறகு அப்பா உன் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பிலேயே முடிந்துகொண்டார். கடையைக் காலி செய்தபோது வந்த இரண்டு பெட்டிகளை மட்டும் என் வீட்டு வாசலில் இறக்கினார். "எனக்குப் பாக்க முடியல. தூரப் போடவும் முடியல. நீ வச்சுக்கோ" என்றார். பதினொரு டாங்கிகள். சிப்பாய்களை நான் இன்றுவரை முழுதாக எண்ணியதில்லை. டாங்கிகளில் இரண்டு வர்ணம் காணாமல் சாம்பல் நிறத்திலேயே நின்றன. அந்த இரண்டையும் எப்படியாவது முடிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி வந்தது. ஆரி வேலை செய்து பழகிய கை, ஊசி முனையில் மணி கோக்கத் தெரிந்த கை, இது வராமலா போகும் என்று நினைத்தேன். முதலில் சிப்பாய்களில் பழகினேன். முதல் பத்துப் பேருக்கும் மாறுகண். நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

எனக்குப் பயந்த சுபாவம் என்று உனக்குத் தெரியும். கேஸ் அடுப்பை மூன்று தடவை பார்ப்பேன். பல்லி விழுந்த பால் என்று ஒரு குடத்தையே கொட்டுவேன். ஊரே அதைச் சொல்லிச் சிரிக்கும், நீ எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பாய். உன் காய்ச்சல் நாலாம் நாளில்கூட அப்படித்தான். "திருநெல்வேலிக்குப் போயிருவம்ணே, எனக்கு என்னமோ பயமா இருக்கு" என்று கெஞ்சினேன். "ஏட்டி கோமு, நீ தும்முனாலே ஆம்புலன்ஸக் கூப்பிடுத ஆளு. நாளைக்குப் பாத்துக்கிடுவம், போ" என்றாய். நானும் போய்விட்டேன். மறுநாள் ஆம்புலன்ஸில் உன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பனவடலிசத்திரம் தாண்டியதும் வண்டி ஓரமாக நின்றது. அந்த நர்ஸ் பையன் உன் நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்தான். அப்புறம் வண்டி அவசரமே இல்லாமல் ஊருக்குத் திரும்பியது.

டெங்கு என்று பேப்பரில் எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்கு நான் ஏன் உன் பேச்சைக் கேட்டேன், அண்ணே?

சரி, இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

யாழினிக்கு மூன்றேகால் வயது. நீ தூக்கிவைத்திருந்தபோது நடக்கக்கூடத் தெரியாத பிள்ளை. உன் டாங்கிகளை அவள் 'மாமா வண்டி' என்பாள். அவளுக்கு அதில் ரொம்பப் பிடித்தது துப்பாக்கிதான். நீ ஒவ்வொரு வண்டியிலும் சின்ன வட்டக் காந்தம் பதித்திருந்தாய் அல்லவா? ஒருநாள் பெரிய பீரங்கி, இன்னொரு நாள் நெருப்பு கக்குகிற குழாய் என்று கழற்றி மாட்டிக்கொள்ளலாம். கிட்டே கொண்டுபோனாலே 'டக்'கென்று ஒட்டிக்கொள்ளும். அந்தச் சத்தத்துக்கு அவள் குதிப்பாள். நான் கையில் வைத்துக்கொண்டு காட்டுவேனே தவிர, அவள் கையில் கொடுத்ததில்லை. அந்த அளவுக்கு எனக்கு எச்சரிக்கை இருந்தது. இருந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும். ராயகிரி டாங்கியின் மேல்பகுதி ஆடியது. கழற்றிப் பார்த்தேன். உன் பழைய பசை காய்ந்து, காந்தம் கையோடு வந்துவிட்டது. உளுந்து அளவுதான், உளுந்தைவிடத் தட்டை. புதுப் பசை தடவலாம் என்று அதை ஒரு பாட்டில் மூடியில் எடுத்துவைத்தேன். அந்த நேரம் வாசலில், என்னிடம் தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்க ஓர் அம்மாள் வந்தார். கழுத்து இறக்கம் அதிகம் என்றார், போட்டுக் காட்டினார், ஊக்கு மாற்றச் சொன்னார். கால்மணி நேரம் ஆகியிருக்கும். திரும்பி உள்ளே வந்தேன். மூடி தரையில் கவிழ்ந்து கிடந்தது. யாழி அதன் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"யாழி, இதுல இருந்த குட்டி வட்டம் எங்க?"

"மாத்திர சாப்ட்டேன்" என்றாள். நம் அப்பா சாப்பிட்டபிறகு மாத்திரை போடுவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அது ஒரு விளையாட்டு.

"எத்தன சாப்ட்ட, தங்கம்?"

நாலு விரலைக் காட்டினாள். அவளுக்கு எதைக் கேட்டாலும் நாலு விரல்தான்.

என் காதுக்குள் ஒரு இரைச்சல் கேட்டது, அண்ணே. நீதான் ஒருநாள் கடையில் வைத்து எனக்குச் சொன்னாய். ஒரு காந்தம் வயிற்றுக்குள் போனால் பெரும்பாலும் தானாக வெளியே வந்துவிடும், இரண்டு போனால் ஒன்றையொன்று இழுத்து, நடுவில் அகப்பட்ட குடலைக் கவ்விப் பிடித்து ஓட்டை போட்டுவிடும் என்றாய். நீ சாதாரணமாகச் சொன்னாய். பயமுறுத்துகிற எதையும் நான் மறப்பதில்லை.

நான் மூடியில் எடுத்துவைத்தது ஒன்றா, இரண்டா? கண்ணை மூடி யோசித்தேன். ஒட்டிக்கொண்டிருந்தால் இரண்டும் ஒன்றாகத்தானே தெரியும்? உன் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய், நல்ல காலம். 'ராயகிரி: காந்தம் நாலு. மேலே ரெண்டு, துப்பாக்கி அடியில ரெண்டு.' துப்பாக்கியின் அடியில் இரண்டும் இருந்தன. மேல்பகுதிக் குழியைப் பார்த்தேன். காலி.

ஊசிகளை எடுக்க நான் வைத்திருக்கிற பெரிய காந்தத்தைத் தரை முழுக்க இழுத்தேன். மெஷினுக்கு அடியில், கட்டிலுக்கு அடியில், பாய்ச் சுருட்டலுக்குள். குண்டூசிகள் வந்தன, இரண்டு ஊக்கு வந்தன. நான் தேடியது வரவில்லை.

யாழியின் அப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் நூல் கடையில் லோடு இறக்கிக்கொண்டிருந்தார். உன் மச்சான் முருகனைத்தான் உனக்குத் தெரியுமே, எதற்கும் பதறாத மனுஷன்.

"உளுந்து சைசுக்குத்தான? வெளிய போயிரும். எங்கக்கா மவன் ஒத்த ரூவாத் துட்டையே முழுங்கிட்டுச் சிரிச்சிட்டு நின்னான். ஒரு வாழப்பழத்தக் குடு."

"இது துட்டு இல்லங்க, காந்தம். ரெண்டு காந்தம்."

"நீ இப்படித்தான் எல்லாத்துக்கும் பயப்படுத, கோமதி. சாயங்காலம் வந்து பாக்கேன்."

நாளைக்குப் பார்த்துக்கொள்வோம் என்று நீ சொன்ன அதே குரல், அண்ணே. அதே சிரிப்பு. "நீங்க வந்தாலும் வராட்டாலும் நான் எக்ஸ்ரே எடுக்கப் போறேன்" என்று போனை வைத்துவிட்டேன். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவர் பேசும்போது நான் போனை வைத்தது அதுதான் முதல் தடவை.

ராயகிரி டாங்கியையும் அதன் துப்பாக்கியையும் ஒரு துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். டாக்டர் என்ன காந்தம் என்று கேட்டால் காட்ட வேண்டுமே. யாழியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தேன். அவள் வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். வலி இல்லை, அழுகை இல்லை. அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது.

குழந்தை டாக்டரம்மா எக்ஸ்ரேவுக்கு எழுதிக் கொடுத்தார். அதை எடுத்த தம்பி படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். வயிற்றுக்கு நடுவில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி. "ஒண்ணுதாங்கா தெரியுது. பயப்படாதீங்க" என்றான். ஒன்றுதான். வீட்டுக்குப் போகலாம். வாழைப்பழம் கொடுக்கலாம். சாயங்காலம் அவர் வந்து சிரிப்பார். என் கால் வாசல்வரை போய்விட்டது, அண்ணே. நிஜமாகவே போய்விட்டது. அங்கிருந்து திரும்பினேன்.

"தம்பி, பக்கவாட்டுல ஒண்ணு எடுங்க."

"டாக்டர் ஒரு படம்தான எழுதியிருக்காங்க."

"ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு இருந்தா நேர்ல பாக்கையில ஒண்ணாத்தான தெரியும்? எடுங்க. டாக்டர்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

அவன் முகத்தில் எரிச்சல் தெரிந்தது. எடுத்தான். படம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அவனே குழந்தை டாக்டரின் அறைக்கு ஓடினான்.

டாக்டரம்மா படத்தில் விரலை வைத்துக் காட்டினார். இரண்டு மெல்லிய கோடுகள், பக்கத்துப் பக்கத்தில். "ரெண்டு இருக்கு. முழுசா ஒட்டல, நடுவுல சன்னமா ஒரு இடைவெளி தெரியுது பாருங்க. அந்த இடைவெளிதான் எனக்குப் பிடிக்கல. இப்ப இரைப்பையில இருக்கு. கீழ இறங்கிட்டா ஆபரேஷன்தான். இப்பவே திருநெல்வேலிக்குக் கிளம்புங்க, எண்டோஸ்கோப்பில எடுத்துரலாம். நான் போன் பண்ணிச் சொல்லிருதேன். பிள்ளைக்குத் தண்ணிகூடக் குடுக்கக் கூடாது."

திருநெல்வேலி. அந்த ரோடு.

அடுத்த வீட்டுச் செல்லையா அண்ணாச்சி வேனை எடுத்துவந்தார். யாழியின் அப்பா கடையிலிருந்து நேராக ஓடிவந்தார், சட்டை முழுக்கப் பஞ்சுத் தூசி. பிள்ளையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். வேன் புறப்படுகிற நேரத்தில் நம் அப்பா வந்தார். யார் சொன்னார்களோ தெரியாது. செருப்புக்கூட இல்லை. கையில் கோமதியம்மன் சன்னதிப் புற்றுமண் பொட்டலம். ஒரு சிட்டிகை எடுத்து யாழியின் வாய்க்குக் கொண்டுபோனார்.

"வாயில வேண்டாம்பா, ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. நெத்தியில வைங்க."

நெற்றியில் வைத்தார், வயிற்றில் தடவினார். அப்புறம் வேனுக்குள் ஏறி உட்கார்ந்தார்.

நீ போனதிலிருந்து அப்பா அந்த ரோட்டில் போனதே இல்லை, அண்ணே. திருநெல்வேலிக்குப் போக வேண்டியிருந்தால் கோவில்பட்டி சுற்றிப் போவார். கல்யாணம், துக்கம் எதுவாக இருந்தாலும் அப்படித்தான். கேட்டால், அந்தப் பஸ்ஸில் கூட்டம் என்பார். அன்று அவர் ஏறியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். ஊரைத் தாண்டுவதற்குள் யாழி தண்ணீர் கேட்கத் தொடங்கிவிட்டாள். முதலில் கேட்டாள், அப்புறம் அழுதாள், அப்புறம் கை கூப்பினாள். "அம்மா, பிளீஸ் தண்ணி. நான் குட் கேர்ள்ல?" பாட்டில் என் காலடியில்தான் இருந்தது. நனைத்த துணியால் உதட்டைத் துடைக்கக்கூட எனக்குத் தைரியமில்லை. அவள் அப்பா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

பனவடலிசத்திரம் வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. மைல்கல்லைப் பார்க்கவில்லை. வயிறு சொன்னது. நான் யாழியின் வயிற்றில் கையை வைத்து, அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். உன் காலைப் பிடித்திருந்தபோதும் அப்படித்தான் எண்ணினேன். எந்த எண்ணில் அது நின்றது என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்த எண் வரும்போது என் வாய் தானாகத் தாண்டி அடுத்த எண்ணைச் சொல்லிவிட்டது.

சத்திரத்துக்குள் நுழைந்தபோது ஓர் ஆட்டு மந்தை ரோட்டைக் கடந்தது. செல்லையா அண்ணாச்சி பிரேக் போட்டார். வேன் நின்றேவிட்டது.

"நிப்பாட்டாத!" அப்பா கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "செல்லையா, இங்கன நிப்பாட்டாதல! போ! போ!"

"ஆடு போகுது அண்ணாச்சி. ஒரு நிமிசம்."

அப்பா கதவைத் திறந்து குதித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு அந்தத் தாரில் ஓடி, இரண்டு கையாலும் ஆடுகளை விலக்கினார். மந்தையை ஓட்டிவந்த கீதாரி ஏதோ திட்டினார். அப்பா அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த மனுஷனுக்கு என்ன புரிந்ததோ, அவரும் கம்பை வீசி ஆடுகளைத் துரத்தினார். வழி கிடைத்ததும் அப்பா நகர்ந்துகொண்டிருந்த வேனில் தொற்றி ஏறினார். ஏறியதும் யாழியை என் மடியிலிருந்து வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நீ போன இடம் எங்கள் ஜன்னலைக் கடந்து போனபோது அவர் கண்ணை மூடவில்லை. நான்தான் மூடிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் வேகமாக நடந்தது. டாக்டர் என்ன காந்தம் என்று கேட்டார். டாங்கியைப் பையிலிருந்து எடுத்து, துப்பாக்கியின் அடியில் இருப்பதும் அதே காந்தம்தான் என்று அதை அங்கிருந்த இரும்பு மேஜையில் 'டக்'கென்று ஒட்டிக் காட்டினேன். அவர் அதை இழுத்துப் பார்த்தார். முகம் மாறியது. "இவ்வளவு இழுவையா?" என்று மட்டும் கேட்டார். ஒரு தாளை நீட்டி, மயக்க மருந்து கொடுக்கக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். யாழி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்துக்கொண்டு போனார்கள். கதவு மூடிக்கொண்டது.

வெளியே நாற்காலியில் அப்பாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். அவர் உள்ளங்கால் கொப்பளித்திருந்தது. என் மடியில் இருந்த டாங்கியை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் உன் பொருள் ஒன்றை அவர் கையில் எடுத்துப் பார்த்ததே அன்றுதான் என்று நினைக்கிறேன்.

"இதுல என்னமோ எழுதியிருக்கு. ராயகிரின்னா போட்டிருக்கு?"

"ஆமாப்பா."

"எங்க ஊரு பேரு. நான் பொறந்த ஊரு பேர எதுக்கு எழுதியிருக்கான்?"

"தெரியலப்பா. ஆனா அண்ணன் செஞ்சதுல இதான் மொத வண்டி."

அப்பா அந்த எழுத்தைக் கட்டைவிரலால் தடவினார். "எங்கிட்டச் சொல்லலியே" என்றார். நீங்கள் கேட்கவில்லையே என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன். நீதான் ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா, அண்ணே?

முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. டாக்டரின் கையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. அதற்குள் இரண்டு காந்தமும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. இரைப்பையின் உள்சவ்வை ஒரு மடிப்பாகக் கவ்விப் பிடித்திருந்ததாம். பிரிக்கவே சிரமப்பட்டதாம். "சிவந்துதான் போயிருக்கு, ஓட்ட விழல. இன்னும் ஒருநாள் விட்டிருந்தீங்கன்னா என் பதில் வேற மாதிரி இருந்திருக்கும்" என்றார். யாழியின் அப்பா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பற்கள் கிட்டிக்கொண்டு உடம்பு உதறியது. ஒரு நர்ஸ் வந்து போர்வை கொண்டு போர்த்தினார், அந்த வெயில் காலத்தில்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். யாழியின் அப்பா சொன்ன முதல் வார்த்தை, "அந்தப் பெட்டி ரெண்டும் இனி இந்த வீட்டுல இருக்கக் கூடாது." எனக்கும் அவற்றைப் பார்க்கவே பயமாக இருந்தது. மாறுகண் சிப்பாய்கள்கூட என்னையே முறைப்பதுபோல இருந்தது. அன்றுதான் உன்னோடு பேச்சை நிறுத்தினேன்.

தூக்கிப் போடுவதற்கு முன்னால் காந்தங்களையாவது எண்ணிவிட வேண்டும் என்று தோன்றியது. அப்பாவும் வந்தார். உன் நோட்டை அவர் வாசிக்க, நான் ஒவ்வொரு டாங்கியாகக் கழற்றிக் காந்தங்களைக் குறட்டால் பெயர்த்து எடுத்தேன். நோட்டில் மொத்தம் நாற்பத்தொன்று. குப்பியில் இருந்த இரண்டையும் சேர்த்து நாங்கள் எண்ணியது நாற்பது.

மறுபடி எண்ணினோம். நாற்பதுதான்.

அந்த இரண்டு நாளை எப்படிச் சொல்வேன்? வீட்டில் இரும்பு இருக்கிற இடமெல்லாம் தடவினேன். பீரோ, கட்டில் கால், மெஷின் அடித்தட்டு, கேஸ் சிலிண்டர், அரிசி டிரம். யாழியை மறுபடி எக்ஸ்ரேவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அதே தம்பிதான், இந்தத் தடவை கேட்காமலேயே நேராகவும் பக்கவாட்டிலும் எடுத்தான். ஒன்றும் இல்லை. அப்படியும் என் மனம் கேட்கவில்லை. அவள் உள்ளங்கையை மூடினாலே விரித்துப் பார்த்தேன். தூங்குகிற பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தேன். அவள் என்னைக் கண்டாலே வாயை மூடிக்கொள்ள ஆரம்பித்தாள்.

மூன்றாம் நாள் காலை அப்பா போன் செய்தார். "ஏட்டி, கொஞ்சம் வீட்டுக்கு வா."

போனேன். உன் அறை திறந்து கிடந்தது.

இரண்டு வருஷத் தூசி. அப்பா முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார். "இங்கன இருக்குமோன்னு தோணுச்சு" என்று உன் இரும்பு பீரோவைக் காட்டினார். கதவின் உள்பக்கத்தில், பழைய கரண்ட் பில் அட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டு அந்த நாற்பத்தொன்றாவது காந்தம் ஒட்டியிருந்தது. ஏதோ அவசரத்துக்கு ஒரு டாங்கியிலிருந்து எடுத்து அட்டையை மாட்டியிருக்கிறாய். திரும்ப வைக்க நேரம் கிடைக்கவில்லை.

நான் அப்படியே உன் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அப்பா காந்தத்தை எடுக்கப் போனார், எடுக்கவில்லை. அட்டையைத் தொட்டுவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார். "இந்த ரூம்புல ஒரு மேசை போடுவமா?" என்றார். "அந்தப் பெட்டி ரெண்டும் இங்கனயே இருக்கட்டும். பிள்ளைய உள்ள விடாம நான் பூட்டிக்கிடுதேன். துப்பாக்கிய எல்லாம் பசை போட்டு ஒரேயடியா ஒட்டிப்போடுவம். கழட்டி மாட்ட வேண்டாம்."

அப்படித்தான் இப்போது நடக்கிறது. எடுத்த காந்தமெல்லாம் ஒரு டப்பாவில் அடைத்துப் பரண்மேல். அப்பா உன் சாமணத்தால் குட்டிப் பீரங்கிகளைக் கவ்விப் பிடித்து ஒட்டுகிறார். கோணலாகத்தான் ஒட்டுகிறார். நான் வாரத்துக்கு ஒருமுறை யாழியை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டுப் போய், அந்தச் சாம்பல் டாங்கிகளில் தூரிகை வைக்கிறேன்.

பயம் போய்விட்டதா என்றால் இல்லை. நேற்று யாழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு "வலிக்குது" என்றாள். கையிலிருந்த கத்தரியைப் போட்டுவிட்டு ஓடினேன். பசியாம். இரண்டு இட்லி தின்றுவிட்டு விளையாடப் போய்விட்டாள். முன்பெல்லாம் நான் பயந்தால் சிரிக்கிற யாழியின் அப்பா இப்போது சிரிப்பதில்லை. "என்ன தோணுது, டாக்டர்ட்டப் போவமா?" என்று கேட்கிறார். உன்னையும் அன்றைக்கு அப்படி இழுத்துக்கொண்டு போயிருந்தால் என்ற நினைப்பு வரும்போது மட்டும் எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை, அண்ணே.

குழுவில் இருக்கிற உன் சிநேகிதர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் வண்டிகளில் காந்தம் இருந்தால் இன்றைக்கே எண்ணுங்கள். நாளைக்கு வேண்டாம்.

உனக்கு ஒரு வாக்கு. யாழினிக்கு விவரம் தெரிகிற வயது வரும்போது அந்த இரண்டு எக்ஸ்ரே படங்களையும் அவளிடம் காட்டுவேன். மாமாவின் வண்டியிலிருந்த காந்தம்தான் என்று சொல்வேன். அம்மா மூடியைப் பிள்ளை கைக்கு எட்டுகிற உயரத்தில் வைத்துவிட்டுப் போனாள் என்றும் சொல்வேன். நீ சிப்பாயின் கண்ணுக்குள் புள்ளி வைத்த அழகையும் அதே நாளில் சொல்வேன். உன்னைப்பற்றி நல்லதை மட்டும் சொல்லி, நீயல்லாத வேறொரு ஆளாக உன்னை அவளிடம் காட்ட மாட்டேன்.

நாளைக் காலையில் விளக்கேற்றும்போது உன்னோடு பேசுவேன்.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்த தங்கச்சி
கோமதி